பனைமட்டை வாள்

கேளுங்கள். மலைக்கணவாயை ஒரு கோட்டை காத்துநின்ற காலம் அது. அந்தக் கோட்டைத் தளபதி முன்னால் ஆவுடை என்ற பெண் நின்றாள். ஒரு சொல் தப்பாகச் சொன்னால் புருஷன் வேங்கையன் தலை போகும். சொல்லாமல் விட்டால் கோட்டையே போகும். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் முந்தானையைத் திருகினாள்.

வேங்கையன் கோட்டை வாயில் காவலன். சண்டை இல்லாத சலிப்பில், மதிலுக்கு வெளியே கூடாரம் போட்டிருந்த குதிரை வியாபாரியிடம் பகடை உருட்டப் போனான். மோதிரத்தை வைத்தான், போயிற்று. மோதிரத்தை மீட்கக் கேடயத்தை வைத்தான், போயிற்று. கேடயத்தை மீட்க எதை வைத்தான் என்று மட்டும் வாய் திறக்கவில்லை.

"ஒரே ஆட்டம் ஆவுடை, எல்லாம் திரும்பிடும்" என்பான்.

"போன மாசமும் இதே ஒரே ஆட்டம்தானே?" என்பாள்.

ஆயுத பூசை வந்தது. அங்கே வாளுக்கு எண்ணெய் பூசுவது மனைவிமார் வழக்கம். ஆவுடை உறையிலிருந்து வாளை உருவினாள். பிடி மட்டும்தான் வாளுடையது. அதன் கீழே சீவிய பனைமட்டை.

பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். "மாடத்தியக்கா, உங்க வீட்டு வாளைக் கொஞ்சம் உருவுங்க."

"ஏண்டி, யார் புருஷன் வாள் நீளம்னு பார்க்கவா?" என்று சிரித்துக்கொண்டே உருவினாள் மாடத்தி. பனைமட்டை. சிரிப்பு அப்படியே நின்றது.

அடுத்த வீட்டிலும் பனைமட்டை. தெரு முழுக்கப் பனைமட்டை. தன் வாள் ஒன்றுதான் வியாபாரியிடம் போயிற்று, மற்றவன் வாள் இருக்கிறதே என்று ஒவ்வொருவனும் நிம்மதியாக இருந்திருக்கிறான்.

இதைத்தான் திக்கித் திணறித் தளபதியிடம் சொல்லி முடித்தாள். "ஐயா, உங்க வாளாவது இருக்குதானே?"

தளபதியின் கை வாள்பிடிக்குப் போயிற்று. உருவவில்லை. முகம் வெளுத்தது.

ஆவுடை வீட்டுக்கு ஓடினாள். வேங்கையன் ஆணியில் தொங்கிய கோட்டை வாயில் சாவியை எடுத்துக்கொண்டிருந்தான்.

"இதை வெச்சா எல்லார் வாளையும் மீட்டுடலாம். வியாபாரியே கேட்டார்."

"குதிரை விக்கிறவருக்குக் கோட்டைச் சாவி எதுக்குங்க?"

வேங்கையன் விழித்தான். சாவியைப் பிடித்த கை தளர்ந்தது. அவள் அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, வாயிலை உள்ளிருந்து பூட்டி, ஆழக் கிணற்றில் சாவியைப் போட்டாள். அது நீரில் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

தோற்றதை மீட்கச் சூதாடுகிறவன், கடைசியில் தன்னைக் காக்கும் கதவையே பணயம் வைப்பான்.