பதினோரு வருடம் வந்தவன்

முதலில், பஞ்சாலை முதலாளி அன்செல்மோவை வேலையிலிருந்து நீக்கினார். இரண்டாவது, எந்தச் சங்கத்தை அவர் கட்டினாரோ அந்தச் சங்கமே அவர் பெயரை எடுத்துவிட்டது. மூன்றாவது, அவர் எழுதிய துண்டுப்பிரசுரத்தைக் காட்டி அவரைச் சிறைக்கு அனுப்பினார்கள். நான்காவது, எந்தச் சிறை என்று வீட்டுக்கு யாரும் சொல்லவில்லை. ஐந்தாவதைச் செய்தது அவருடைய தங்கை. அவர் படத்தை இறந்தவர்களின் மேசையில் வைத்தாள்.

மெக்சிகோவின் அந்த மலையூரில் நவம்பர் பிறந்ததும் இறந்தவர்கள் வீடு திரும்புவார்கள். படத்துக்கு முன்னால் தண்ணீரும் உப்பும் ரொட்டியும் வைப்பார்கள். வாசலிலிருந்து மேசைவரை செண்டுமல்லி இதழ் தூவுவார்கள். வந்தவர்கள் ருசியை மட்டும் எடுத்துக்கொண்டு போவார்கள் என்பது நம்பிக்கை.

பதினோரு நவம்பர் கழித்து அன்செல்மோ உயிரோடு வந்தார். இந்த ஐந்தின் மேலும் இருந்த கோபத்தை என்ன செய்வது என்று கற்க ஹசிந்தாவிடம் சீடராகச் சேர்ந்தார். கல்லறைத் தோட்டத்தில் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பவர் ஹசிந்தா. வயதில் அவரைவிட இளையவர்.

நவம்பர் இரண்டாம் தேதி காலை, அங்கே ஊர் கூடிக்கொண்டிருந்தது. ஹசிந்தாவின் நோட்டில் தன் பெயர் இன்னும் இருப்பதை அன்செல்மோ பார்த்தார்.

"இதை அடித்துவிடுங்கள் அம்மா. நான்தான் நிற்கிறேனே."

"நிற்கிறீர்கள், சத்தமாகவும் பேசுகிறீர்கள். முதலில் சாப்பிடுங்கள், தோழர்."

ஹசிந்தா துணியில் சுற்றிய இரண்டு ரொட்டிகளை நீட்டினார். இரண்டும் அன்செல்மோவின் தங்கை ஒரே அடுப்பில் சுட்டவை. முதலாவது அவர் தாயின் படத்துக்கு முன்னால் இருந்தது. அதைக் கடித்தார். ருசியே இல்லை.

"பழைய ரொட்டி," என்றார்.

"இதுவும் அதே பழசுதான்," என்று ஹசிந்தா இரண்டாவதைக் காட்டினார்.

இரண்டாவதில் ஆரஞ்சும் சோம்பும் மணத்தன. இனித்தது. அன்செல்மோ விழித்தார்.

"உங்கள் படம் இருந்த இடத்தில் வைத்தது. இந்த வருடம் படத்தை நீங்கள் எடுத்துவிட்டீர்கள். உங்கள் தங்கை மனம் கேளாமல் ரொட்டியை மட்டும் வைத்தாள். யாரும் வரவில்லை. முந்தின பதினோரு வருடமும் அங்கே வைத்த ரொட்டி சப்பென்று ஆகிவிட்டதாம். அதனால்தான் நீங்கள் செத்தது நிச்சயம் என்று அழுதாள்."

"நான் சாகவில்லையே. அப்படியென்றால் யார் வந்தது?"

"எனக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்கு வழி யாரிடம் சொன்னீர்கள்?"

யாரிடமும் இல்லை என்றார். துண்டுப்பிரசுரத்தில்கூட ஊர் பெயரை எழுதியதில்லை என்றார். பிறகு ரொட்டியைத் துணியில் திரும்ப வைத்தார்.

ஒருவனிடம் சொல்லியிருந்தார். முதல் மழைக்காலத்தில் சிறை அறையில் அவருடன் கிடந்த கோழித் திருடன். அவனுக்கு வீடு இல்லை. அவர் வீட்டைப் பற்றிச் சொல்லச் சொல்லிக் கெஞ்சுவான். கிணற்றடியில் இடப்பக்கம் திரும்பு, நீலக் கதவு என்று எரிச்சலோடு சொல்வார். மழை முடியும் முன் இருமி இருமிச் செத்தான். செத்த அன்று காலையும் காவலன் கணக்கெடுப்பில் அவன் பெயரைக் கூப்பிட்டான். யாரும் பதில் சொல்லவில்லை.

விடுதலையானதும் அன்செல்மோ, சிறையில் இறந்தவர்களைப் பற்றி ஒரு பிரசுரம் போட்டார். அதில் ஆறு பெயர்கள். ஆறு பேரும் போராளிகள்.

"அவன் தோழன் இல்லை," என்றார். "கோழி திருடினவன். அவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது?"

ஹசிந்தா பென்சிலையும் நோட்டையும் அவர் கையில் வைத்தார்.

"உங்கள் பெயரை அடித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்துக்கு வரும்போது நீங்களே வாசியுங்கள். அவனை அழைக்கத் தெரிந்தவர் இங்கே வேறு யாரும் இல்லை."

அன்செல்மோ தன் பெயரை அடித்து நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். மணி அடித்தது. ஹசிந்தா வாசித்த ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் "இருக்கிறார்" என்று சொல்லிக்கொண்டே வந்தது. அந்த இடம் வந்தது. ஹசிந்தா நிறுத்தினார். ஊர் முழுக்க அன்செல்மோவைப் பார்த்தது. அவர் தொப்பியைக் கழற்றினார்.

"செனோபியோ தாப்பியா."