மொட்டக் கட்டிங் பிளேயர்

ஒரு ஊர்ல ஒரு வயரிங் வேலக்காரி இருந்தாளாம். பேரு அமலோற்பவம். சிரிக்காத, உங்கம்மா பேருதான். இந்தக் கதைக்கு வேற பேரு வச்சா ஒட்ட மாட்டேங்குது. ஊருல அமலின்னுதான் கூப்பிடுவாக. "ம்" சொல்லு, அப்பந்தான் கத நகரும்.

"ம்."

அது கடக்கர ஊரு. வயரிங் வேலைக்குப் பொம்பள வந்தா, "சோத்துப் பானையில கரண்டு வருதான்னு பாக்க வந்தியா தாயி?"ன்னு கேலி பண்ணுவாக. அமலி பாட்டுக்கு ஏணியச் சாத்துவா, விறுவிறுன்னு ஏறிருவா.

அப்போ அவளுக்கு வயரப் பிடிக்க, வெட்ட, சொந்தமா ஒரு கட்டிங் பிளேயர் வேண்டியிருந்துச்சு. கடைக்குப் போனா. கடைக்கார அண்ணாச்சி ஒண்ண எடுத்து வச்சாரு, டக்! பச்சப் பிடி, கொழுகொழுன்னு இருந்துச்சு. "இது கை நோகாம இருக்கப் போட்ட ரப்பரு. கரண்ட மறிக்காது அண்ணாச்சி"ன்னுட்டா. அப்புறம் ரெண்டாவது, டக்! அதுல ஆயிரம் வோல்ட்டு தாங்கும்னு ஒரு ஸ்டிக்கர். நகத்தால சொரண்டினா, சர்ருன்னு உரிஞ்சு கையோட வந்துருச்சு. அண்ணாச்சி மொகத்துல ஈயாடல. அப்புறம் உள்ள போயி மூணாவத எடுத்தாந்தாரு. செவப்புப் பிடி. ரெண்டு முக்கோணம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுன மாதிரி, கரண்டு வேலைக்கு ஆகும்ங்கற முத்திர, பக்கத்துலயே ஆயிரம் வோல்ட்டு, பிடியிலயே அழுத்திப் பதிச்சிருந்துச்சு. சொரண்டுனா போகல. கை வழுக்கி இரும்பத் தொட்டுராம இருக்க ஒரு வரப்பும் இருந்துச்சு.

"செவப்புத் தோலுக்குள்ள மஞ்சத் தோலு இருக்கு தாயி. மஞ்ச தெரிஞ்சா..."

"தெரிஞ்சா அது ஆயுசு முடிஞ்சுதுன்னு அர்த்தம். தெரியும் அண்ணாச்சி."

அதுக்குச் செவப்பின்னு பேரு வச்சா. சுத்தியலோட போடமாட்டா, செவப்பிக்குன்னு தனிப் பை. வெயில்ல வைக்க மாட்டா. வேல முடிஞ்சதும் காஞ்ச துணியால தொடைப்பா, சரக் சரக். வேல தொடங்க முன்னாடி வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாப்பா. தூங்கிட்டியா?

"இல்ல... ம்."

அதே ஊர்ல கஸ்பாருன்னு ஒரு வயர்மேன். இருவது வருசமா அவருதான் அங்க ராசா. ஒரு நாள் செவப்பி மேல தாரு ஒட்டிக்கிச்சு. "பெட்ரோல்ல முக்கி எடு அமலி, புதுப் பொண்ணு மாதிரி மின்னும்"னாரு. "மின்னும்ணே. அப்புறம் தோலு வெடிச்சுரும்"னுட்டு, சோப்புத்தண்ணித் துணியால மெல்ல மெல்லத் தொடச்சு எடுத்தா. "பிளேயருக்குத் தாலாட்டு வேற பாடுவா போல"ன்னு கஸ்பார் சிரிச்சாரு, கெக்கெக்கே.

இப்பிடியே ஆறு வருசம் ஓடிப்போச்சு. அப்புறம் ஒரு நாள் காலையில ஐஸ் கம்பெனியில பேனல் போர்டு வயரு கருகிப்போச்சு, புஸ்ஸ்! ஐஸ் ஒறைய வைக்கிற கம்ப்ரசர் நின்னுச்சு. கரையில பன்னெண்டு படகு மீனோட ஐஸுக்காக நிக்குது. மொதலாளி லூர்து ராயர் அமலியத்தான் கூப்பிட்டாரு. "இத முடிச்சுக் குடு, இனிமே கம்பெனி வேல பூரா ஒனக்குத்தான்"னாரு. ஊர்ல எந்தப் பொம்பளைக்கும் கெடைக்காத வேல அது. 

பேனலோட மெயின் சுவிட்ச எறக்கிக் கரண்ட நிறுத்தினா. ஏணியில ஏறினா. அப்போ பை நழுவி, செவப்பி கீழ கெடந்த தகரத்து வெளிம்புல விழுந்துச்சு, ணங்!

எறங்கி வந்து வெளிச்சத்துல திருப்பினா. நெல்லு மணி அளவுக்கு, மஞ்ச.

நேரா ராயர்கிட்ட வந்தா. "மொதலாளி, வேற பிளேயர் வேணும். டவுனுக்குப் போயி வர ரெண்டு மணி நேரம் ஆகும்."

"வெளயாடுதியா? மெயினத்தான் எறக்கியாச்சே!"

"ஜெனரேட்டர் வயரும் இதே பேனலுக்குத்தான் வருது. எவனாவது தெரியாம ஓட்டிவிட்டா? செத்த வயரையும் உசுரோட இருக்குன்னு நெனச்சுத்தான் தொடணும்."

ராயருக்குக் கோவம். கஸ்பாருக்கு ஆளனுப்பினாரு. அவரு வந்தாரு, பிடி பூராவும் கருப்பு டேப்பு சுத்துன பிளேயரோட. "இம்புட்டுக் கீறலுக்கா ஒப்பாரி? ரெண்டு சுத்து டேப்ப ஒட்டு தாயி."

அமலி அந்தப் பிளேயர வாங்கினா. காஞ்ச பலக மேல வச்சு, பிளேயர் வாயில ஒரு வயரு நுனியச் செருகினா, மறு நுனிய மெயின் எறக்காத வேற லைன் பிளக்குல. எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லிட்டு, அந்தப் பிளக்கு சுவிட்சப் போட்டா, டிக்! கரண்டு இருக்கான்னு பாக்கற டெஸ்டர டேப்பு மேல வச்சா. டெஸ்டர் லைட்டு குப்புன்னு எரிஞ்சுது! கடக்கர உப்புத்தண்ணி டேப்புக்குள்ள ஊறிப்போயி கெடந்துருக்கு.

கஸ்பார் தன் உள்ளங்கையப் பாத்தாரு. அப்புறம் வீம்பா, "ஒன்னோடத வையி பாப்பம்"னாரு.

சுவிட்ச அணைச்சு, செவப்பிய வச்சு, திரும்பப் போட்டா. மஞ்ச மேல டெஸ்டர வச்சா. எரியல.

"எரியலல்லா? பிறகென்ன நடிப்பு? ஏறு மேல!"ன்னு ராயர் கத்தினாரு.

எல்லாரும் அவளையே பாத்தாக. எரியலங்கறதுதான் கஷ்டம். எரிஞ்சிருந்தா தூக்கிப் போடறது லேசு. ஒரு நிமிசம் அவளும் ஏணியப் பாத்தா. அப்புறம் சுவிட்ச அணைச்சா.

"இன்னைக்கி எரியல மொதலாளி. அது என்னைக்கி எரியும்னு சொல்லிட்டு எரியாது. அன்னைக்கி டெஸ்டர் இருக்காது, எங்கையிதான் இருக்கும்."

சொல்லிட்டுக் கத்திய எடுத்தா. ஆறு வருசம் தொடச்ச செவப்பித் தோல அவளே உரிச்சா, சர்ர்ர்... சர்ர்ர்... வேற யாரும் நம்பி எடுத்துரக் கூடாதுல்ல? கண்ணு கலங்குச்சு.  "வேல போனாப் போவுது"ன்னு பையத் தோள்ல போட்டா.

அப்போ வாசல்ல பைக்கு சத்தம், ட்டுர்ர்ர்! நைசா வெளிய போயி வண்டிய எடுத்தது யாருன்னு நெனக்கிற? கஸ்பார். "ஏட்டி அமலி, ஏறு. டவுனுக்கு நாந்தான் ஓட்டுவேன். எனக்கும் ஒண்ணு பாத்து வாங்கிக் குடு. அந்த முக்கோணம் எங்க இருக்கும்னு எனக்குத் தெரியாது."

ரெண்டு மணி நேரம் மீனுக்கு மேல ஈரச்சாக்கு போட்டுச் சமாளிச்சாக. அமலி புது பிளேயரோட வந்து ஏறினா. மதியம் கம்ப்ரசர் பேசிச்சு, டும்... டும்... டும்... ராயர் வந்து ஐஸ் கம்பெனிச் சாவிக்கொத்த அவ கையில வச்சுட்டுப் போயிட்டாரு.

"செவப்பி?"

செவப்பிக்கு என்ன? நேத்து நண்டுக்கால நொறுக்குனோமே, நொறுக் நொறுக்னு, அடுப்படியில கெடக்கே மொட்டக் கட்டிங் பிளேயர், அதான். கரண்டுக்கிட்ட மட்டும் போகாது.

"அப்ப அமலி... நம்ம அம்மாவா?"

மெல்லப் பேசு. அந்தா கேக்குதா, அடுத்த ரூம்புல, சரக் சரக்னு? புதுசத் தொடைக்கிறா. கத கரையேறிருச்சு, நங்கூரம் போட்டாச்சு. கண்ண மூடு.