நாற்பத்தெட்டு அடிச் சாய்தளம்

2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் பதினேழாம் நாள், திங்கட்கிழமை. காலை ஒன்பது மணிக்கே நெடுங்கரை நகராட்சியின் புதிய அலுவலகச் சுவரில் அப்பளம் சுடலாம் போல வெயில் காய்ந்தது. காற்று அசையவில்லை, வானத்தில் பெயருக்குக்கூட ஒரு மேகம் இல்லை. அன்றுதான் நகராட்சிப் பொறியாளர் குணசீலனின் மேசைக்குப் பசுமைக் கட்டட விதிகள் அடங்கிய பன்னிரண்டு பக்கப் புத்தகம் ஒன்று வந்து சேர்ந்தது.

கூடவே ஆணையரும் வந்தார். "குணசீலன், அடுத்த மாசம் மேலிடத்துலேருந்து ஆய்வுக்கு வர்றாங்க. நூத்துக்கு அறுபது மார்க் வாங்கணும். வாங்கலைன்னா உங்களை மலைமேல இருக்கிற நகராட்சிக்கு மாத்திடுவேன். உத்தரவு தயாரா இருக்கு, தேதி மட்டும்தான் போடணும்."

குணசீலன் புத்தகத்தை அவசரமாகப் பிரித்தார். அந்த மலைக்கு முப்பத்தாறு கொண்டைஊசி வளைவுகள். அவருக்கோ சந்தைமேட்டு ரவுண்டானாவைப் பேருந்து சுற்றினாலே குமட்டும். திருமணமான புதிதில் ஒரே ஒரு முறை மலைக்குப் போயிருக்கிறார். முன்னிருக்கையில் இருந்தவரின் வெள்ளைச் சட்டை இன்றும் அவர் கனவில் வருவதுண்டு.

உடனே மூவர் குழு கூடியது. மற்ற இருவர் நகரமைப்பு ஆய்வர் வேதவல்லியும் துப்புரவு ஆய்வர் சூசைமாணிக்கமும். எழுதியிருப்பதை எழுதியபடியே செய்து முடிப்பதில் மூவரும் ஒருவருக்கொருவர் இளைத்தவர் அல்லர்.

முதல் விதி: கட்டடத்தின் வாயிலிலிருந்து முந்நூறு மீட்டருக்குள் பேருந்து நிறுத்தம் இருக்க வேண்டும். வேதவல்லி அளந்தார். நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர்.

"கட்டடத்தை நகர்த்த முடியுமா சார்?" என்றார் சூசைமாணிக்கம்.

குணசீலன் கட்டட வரைபடத்தை விரித்துப் பார்த்தார். "அஸ்திவாரம் ஆழமாப் போட்டுட்டோமே. முன்னாடியே சொல்லியிருந்தா ஆழத்தைக் குறைச்சிருக்கலாம்."

"அப்போ நிறுத்தத்தை நகர்த்துங்க. அதுக்கு நாலு கால்தான் சார்," என்றார் வேதவல்லி.

மறுநாள் நிழற்குடையைப் பெயர்த்துக்கொண்டுவந்து அலுவலக வாயிலில் நட்டார்கள். பேருந்து மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. மக்கள் இங்கே நிழலில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஹாரன் கேட்டதும் அங்கே ஓடினார்கள். "உடற்பயிற்சியும் ஆச்சு," என்று சூசைமாணிக்கம் குறித்துக்கொண்டார். ஆனால் குணசீலனுக்கு உறுத்தியது. ஆய்வுக்கு வருபவர் பேருந்து எங்கே என்று கேட்டால் மலைதான்.

இரண்டாம் விதி: ஊழியர்களில் பாதிப்பேர் மிதிவண்டியில் வர வேண்டும். ஊழியர்கள் நாற்பது பேர் என்பதால் இருபது மிதிவண்டிகள் வாங்கினார்கள். தேர்ந்தெடுத்த இருபது பேரில் பதினான்கு பேருக்கு ஓட்டத் தெரியாது. தெரிந்தவர்களுக்கு முழங்கால் வலி. ஆகவே குப்பை டிராக்டரின் தொட்டியில் மிதிவண்டிகளை வரிசையாகக் கட்டி நிறுத்தி, ஆளுக்கொன்றில் ஏற்றி உட்கார வைத்து அழைத்துவந்தார்கள்.

"இது சரியா வருமா?" என்று குணசீலன் தயங்கினார்.

"ஊழியர் மிதிவண்டியில வர்றார். மிதிவண்டி எதுல வரணும்னு புத்தகத்துல இல்லையே சார்," என்றார் வேதவல்லி. குணசீலன் பன்னிரண்டு பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார். இல்லைதான்.

மூன்றாம் விதி சாய்தளம். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். இரு புறமும் கைப்பிடி. வெள்ளத்துக்குப் பயந்து கட்டடத்தை நான்கடி உயர்த்தியிருந்தார்கள். ஆக, நாற்பத்தெட்டு அடி. முன்முற்றமோ முப்பது அடிதான்.

"பாதியில வளைச்சுத் திருப்பிட்டா உள்ளேயே அடங்கிடும் சார்," என்றார் சூசைமாணிக்கம்.

வளைவு என்ற சொல்லைக் கேட்டதும் குணசீலன் வாயைப் பொத்திக்கொண்டார். "வேண்டாம்யா. நேராவே போடுங்க."

நேராகவே போட்டார்கள். சாய்தளம் முற்றத்தைக் கடந்து, வெளிவாயிலைப் பெயர்த்து, பதினெட்டு அடிச் சாலையைக் குறுக்கே தாண்டி, எதிரே இருந்த அரிசி ஆலைச் சுவரில் முட்டி நின்றது. இரு புறமும் கைப்பிடி வைத்த பிறகுதான் ஏறுவதற்கு வழியில்லை என்பது தெரிந்தது. கிழக்குப் பக்கத்தில் மட்டும் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு அறுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை கிழக்கிலிருந்து வந்த பேருந்து கிரீச்சிட்டு நின்றது.

"யோவ், நடுரோட்டுல என்னய்யா மேடை? மீட்டிங்கா?" என்று ஓட்டுநர் கத்தினார்.

"சாய்தளம்," என்றார் குணசீலன் பணிவாக.

"பஸ் எப்படிய்யா போகும்?"

"இது பஸ்ஸுக்கு இல்லைங்க, கட்டடத்துக்கு."

ஓட்டுநர் தலையில் அடித்துக்கொண்டு எல்லாரையும் இறக்கிவிட்டார். வேதவல்லி நாடாவோடு ஓடிப்போய் அளந்தார். "பதினஞ்சு மீட்டர் சார்! பஸ்ஸே வாசலுக்கு வந்துடுச்சு!" குணசீலனின் கண்கள் கலங்கின.

அன்று முதல் சாய்தளத்துக்கு இரு புறமும் பேருந்துகள் வந்து திரும்பின. கிழக்கே இறங்கியவர் மேற்கே போக ஒரே வழிதான்: சாய்தளத்தில் ஏறி, அலுவலகத்துக்குள் நுழைந்து, வரிவசூல் மேசையைச் சுற்றி, மேற்குக் கதவின் படியில் இறங்குவது.

ஜூலை பதினைந்தாம் நாள் ஆய்வு அலுவலர் அம்மையார் காரில் வந்தார். கார் நின்ற இடத்தில் இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாக இடிபட்டு உள்ளே வந்தார். கட்டடத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பேருந்தில் வர வேண்டும் என்பது கடைசி விதி; ஒரு மணி நேரத்தில் எழுநூறு பேர் பேருந்திலிருந்து இறங்கி நுழைந்தார்கள்.

"இவங்கள்லாம் எதுக்கு வந்திருக்காங்க?" என்று அவர் கேட்டார்.

கத்தரிக்காய்க் கூடைக்காரி ஒருத்தி முந்திக்கொண்டாள். "சந்தைக்கும்மா. கொஞ்சம் நகரு, கூடை இடிக்கும்."

குணசீலனுக்கு முப்பத்தாறு வளைவுகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன் சுழன்றன. வேதவல்லிதான் காப்பாற்றினார். "வந்தவங்க எதுல வந்தாங்கன்னுதான் மேடம் விதியில இருக்கு. எதுக்கு வந்தாங்கன்னு கேக்கலையே."

அம்மையார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விதியைப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு தொண்ணூற்றேழு மதிப்பெண் போட்டார். மரம் இல்லாததற்காக மூன்று குறைந்தது.

அதன் பிறகு நடந்தவை இவை. குணசீலனின் மாறுதல் உத்தரவு கிழிக்கப்பட்டது. கூட்டத்தில் வேலை பார்க்க முடியாமல், ஆகஸ்டு மாதம் நகராட்சி ஏழு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த பழைய வாடகைக் கட்டடத்துக்கே திரும்பியது. அங்கே பேருந்து கிடையாது, எல்லாரும் காரிலும் ஸ்கூட்டரிலும் போகிறார்கள். புதிய கட்டடத்துக்கு நாள்தோறும் ஆறாயிரம் பேர் வருவதை அறிந்த அரசு, இடம் போதாது என்று கருதி, பன்னிரண்டு அடி உயரத்தில் ஒரு மாடிக்கு ஒப்புதல் அளித்தது. பழைய நான்கடியையும் சேர்த்தால் மாடிக்குச் சாய்தளம் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு அடி வருகிறது. அது அரிசி ஆலையை ஊடுருவிப் பின்புற ரயில் பாதையின்மேல் போய் முடியும் என்று குணசீலன் வரைபடம் தந்திருக்கிறார். ரயில் நிறுத்தத்துக்குத் தனியாகப் பத்து மதிப்பெண் உண்டு என்று வேதவல்லி அதன் ஓரத்தில் எழுதியிருக்கிறார்.