நுரையருவிக்குப் போன பெரிய மனுஷர்கள்

முன்னொரு காலத்தில் தென்காவி நாட்டை வல்லபமாறன் என்று ஒரு ராஜா ஆண்டான். நல்லவன்தான். ஆனால் கடைசியாக யார் பேசுகிறார்களோ அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவான். அதுதான் அவனிடம் பெரிய தொல்லை!

"யாத்ரீகர்கள் வந்து பார்க்கிற மாதிரி தங்கள் ஊரைச் சீர்செய்யும் மக்களுக்கு அரண்மனை மானியம்" என்று பறையறைவித்தான். பரிசல்காரர்கள் சார்பில் செவ்வாயி சபைக்கு வந்தாள்.

"மகாராஜா, ஆத்துல நீங்க பாலம் கட்டினீங்க, எங்க பரிசல் பொழப்பு போச்சு. எங்க ஊர்ல நுரையருவி இருக்கு. பாதையும் ஒரு சத்திரமும் போட்டா ஜனங்க வருவாங்க. இல்லேன்னா நாங்க ஊரையே காலி பண்ணணும்."

"நியாயமான கோரிக்கை" என்றார் மந்திரி அம்பலவாணர்.

மந்திரி வாய் திறந்தாலே சபையில் இருந்த இன்னொரு பெரிய மனுஷர் திருமேனிராயருக்கு வயிறு எரியும். மந்திரிக்குப் புதுச் சால்வை கிடைத்தால் இவருக்கு மூன்று நாள் சோறு இறங்காது. துள்ளி எழுந்தார்.

"பிரபு! பெரிய மனுஷன் ஒருத்தனாவது அந்த அருவிக்குப் போயிருக்கானா? ஆள் வராத இடத்துக்கு எதற்கு மானியம்? என் மாந்தோப்புக்குக் கொடுங்கள்!"

"அதானே!" என்றான் ராஜா. "பௌர்ணமிக்குள் சபையோர் போய் வந்ததாகக் காட்டு. இல்லையென்றால் மாந்தோப்புக்குத்தான்."

"பாதை இருந்தாத்தானே சாமி ஆள் வரும்?" என்று செவ்வாயி கண்கலங்கினாள். அம்பலவாணர் மெல்லச் சொன்னார்: "கவலைப்படாதே தாயி. அடுப்பை மட்டும் அணைக்காமல் வை."

மறுநாளிலிருந்து மந்திரி சபைக்கு ஈரத்தலையும் சிரித்த முகமுமாக வந்தார். "எங்கே போனீர்?" என்று கேட்டால், "சும்மா" என்பார். அவ்வளவுதான்! ராயருக்குத் தூக்கம் போச்சு. 'எனக்குத் தெரியாமல் இவனுக்கு அப்படி என்ன சுகம்?' முக்காடு போட்டுக்கொண்டு பின்னாலேயே போனார். அருவியில் நின்றார், செவ்வாயி ஆக்கிய மீன்குழம்பை வழித்துச் சாப்பிட்டார், மறுநாளும் போனார். பெண்டாட்டியையும் கூட்டிப்போனார். அந்தம்மா சேனாதிபதி வீட்டில் பெருமையடிக்க, சேனாதிபதி வீட்டம்மாவுக்குப் பொறுக்குமா? "அவ போகலாம், நான் போகக் கூடாதா?" என்று புருஷனைக் கிளப்பினாள். இப்படி ஒருவரைப் பார்த்து ஒருவராகச் சபையே போனது. எல்லாம் ரகசியமாகத்தான்!

பௌர்ணமி வந்தது. "யாராவது போனீர்களா?" என்றான் ராஜா. ஆளாளுக்குக் கூரையைப் பார்த்தார்கள். ராயர் உள்ளுக்குள் சிரித்தார். செவ்வாயி மந்திரியைப் பார்த்தாள்.

மந்திரி எழுந்தார். "அடியேன் மட்டும் போனேன், பிரபு. இடப்பக்கப் பாறைக்கடியில் நின்றால் அதுதான் சொர்க்கம். இந்த நாட்டிலேயே அதை முதலில் கண்டுபிடித்தவன் நான்தான்."

"பொய்!" என்று ராயர் அலறினார். "வலப்பக்கம்தான் சுகம்! அதை முதலில் கண்டுபிடித்தவன் நான்! இவருக்கென்ன தெரியும்?"

"நீரா? உமக்கு முன்னாலேயே நான் அங்கே குளித்தாயிற்று!" என்று சேனாதிபதி மீசையை முறுக்கினார். ராஜகுரு, பொக்கிஷக்காரர் என்று ஆளாளுக்கு 'நான்தான், நான்தான்' என்று எழுந்தார்கள். அப்புறம்தான் ராயருக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார். என்ன பிரயோஜனம்?

ராஜா முகம் சிவந்தான். "ஆக, என்னை விட்டுவிட்டு எல்லோரும் போயிருக்கிறீர்கள்! மானியம் பரிசல்காரர்களுக்கே. ராயரே, பாதையில் முள் வெட்டும் வேலைக்கு நீர்தான் முன்னால் நிற்க வேண்டும். அம்பலவாணரே, என் கைக்கடகம் உமக்கு. செவ்வாயி, நாளைக் காலையில் நான் வருகிறேன்!"

"தாராளமா வாங்க மகாராஜா" என்று செவ்வாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டாள். "ஆனா கொஞ்சம் வரிசையில நிக்கணும். காலையில முதல் குளியலுக்கு ராயர் வீட்டம்மா சொல்லி வச்சிருக்காங்க."