குளத்துக்கரைக்கு ஒரு டார்ச்

சைக்கிள் ஸ்டாண்டைக் குதிகாலால் தட்டி நிறுத்தும் சத்தம். முதலில் ஒரு கிறீச், உடனே ஒரு டக். விளக்கு வைத்துச் சற்று நேரம் கழித்து வாசலில் அது கேட்கும். கேட்ட பிறகுதான் உலகம்மை டீச்சர் அடுப்பில் தோசைக்கல்லைப் போடுவார்.

அந்தச் சத்தம் நின்று ஏழு வருடமாகிவிட்டது. சைக்கிள் வீட்டில்தான் இருக்கிறது. அவர் கணவர் நல்லசிவம் நடந்துதான் போனார்.

போவதற்கு முந்தின நாள் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். ஏதோ பேச்சு வந்தபோது, இந்த வீட்டுக்கு நீங்கள் என்னத்தைக் கொண்டுவந்தீர்கள் என்று எல்லோர் முன்னாலும் டீச்சர் அவரைக் கேட்டார். நல்லசிவம் குனிந்து கீழே பார்த்தார். அவர் ஒரு மழைநாளில் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்த நாய்க்குட்டி அப்போது நாற்காலிக்கு அடியில் படுத்திருந்தது. தவிட்டு நிறம். பெயரும் தவிடு.

மறுநாள் சாயங்காலம் அவர் குளத்துக்கரை வழியே கடைசி பஸ்ஸுக்குப் போனார். நாயும் கூடவே போனது. மடை வரைக்கும் வந்ததும் நில் என்றார். நின்றது.

அதன்பின் தினமும் இருட்டியதும் தவிடு வாசலில் வந்து நிற்கும். டீச்சர் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மடைவரை போவார். அதற்கு மேல் ஒரு அடி நாய் வைக்காது. எட்டேகால் மணிக் கடைசி பஸ் தூரத்தில் வந்து நின்று, ஆளை இறக்கிவிட்டுப் போகும். பிறகு இருவரும் திரும்புவார்கள். டீச்சர் நாய்க்காக நடக்கிறார் என்று ஊர் நினைத்தது. டீச்சரும் அப்படியே சொல்லிவந்தார்.

ஐப்பசியில் பழைய டார்ச் மடைக்குள் விழுந்துவிட்டது. கரையில் விரியன் நடமாட்டம் உண்டு. வெளிச்சம் இல்லாமல் முடியாது.

குளத்தின் அக்கரையில் ஒரு சின்ன மடம் இருந்தது. அங்கே இருந்த பெண்துறவியை ஊரார் அம்மை என்பார்கள். நாற்பத்தைந்து வயது. ஒரு காலத்தில் ஏழாம் வகுப்பில் உலகம்மை டீச்சரிடம் கணக்குக்கு அடி வாங்கிய இசக்கிதான். இப்போது காலையில் டீச்சர் போய்ப் பாயில் உட்கார்ந்து அவரிடம் பாடம் கேட்பார். டீச்சர் அவரை அம்மா என்பார். அம்மை மட்டும் இன்னும் டீச்சர் என்றே கூப்பிடுவார்.

அன்று டீச்சர் எந்த டார்ச் வாங்குவது என்று கேட்டார். பாயில் இருந்த மற்றவர்கள் சிரித்தார்கள். பிறவியைப் பற்றிக் கேட்கிற இடத்தில் பேட்டரியைப் பற்றிக் கேட்கிறாரே என்று ஒருவர் முணுமுணுத்தார்.

அம்மை சிரிக்கவில்லை. கடையில் என்ன இருக்கிறது என்று கேட்டார்.

காதர் மைதீன் கடையில் இரண்டு காட்டியிருந்தார். ஒன்று நூற்று எண்பது ரூபாய். பிளாஸ்டிக். காலைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்கு மங்கலாக விழும். மற்றது தொள்ளாயிரத்துச் சொச்சம். இங்கே அமுக்கினால் அந்தக் கோடியில் போய் விழும்.

"உங்களுக்கு எது வேணும்?"

"பெரிசு. ஆனா விலைதான் யோசனையா இருக்கு."

"நாய் எங்க நடக்கும்?"

"என் பக்கத்துல."

கேட்ட அன்றைக்கே பதில் சொல்லும் வழக்கம் அங்கே கிடையாது. இரண்டையும் ஒரு வாரம் வைத்துப் பார்த்து ஒன்றைத் திருப்பிக் கொடுக்கக் காதர் மைதீனிடம் கேட்கச் சொன்னார் அம்மை. டீச்சரிடம் படித்த பிள்ளைகளின் அப்பா அவர். மறுக்கவில்லை. நாயை நடத்தவா, விமானத்தை இறக்கவா டீச்சரம்மா என்று மட்டும் கேட்டார்.

டீச்சர் சின்னதைத் தொடவே இல்லை. மடையில் நின்று பெரியதை அமுக்கினால் வெளிச்சம் கரை முழுவதும் ஓடி, பஸ் நிற்கும் புங்கமரத்தில் போய் முட்டியது. இறங்குகிறவர்களின் முகம் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ஏழு வருடமாக நிழல்களை எண்ணியவருக்கு முகங்கள் கிடைத்தன. மூன்றாம் நாள் கண்டக்டர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, யம்மா, டிக்கெட் எல்லாம் நான் பாத்துட்டேன், நீங்க வேற பாக்கணுமா என்று கத்தினார்.

அன்று நடந்து திரும்பும்போது தவிடு நொண்டியது. கருவேல முள். எங்கே மிதித்தது என்று டீச்சருக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எல்லோரும் எழுந்து போன பிறகும் டீச்சர் பாயிலேயே இருந்தார்.

முந்தின நாள் கடைசி பஸ்ஸில் ஒரே ஒரு ஆள் இறங்கினார். கையில் பை. கரைமேல் பத்தடி வந்தார். டீச்சர் வெளிச்சத்தை அவர் முகத்துக்கு நேரே வைத்தார். அவர் கையால் கண்ணை மறைத்துக்கொண்டார். முகம் தெரியவில்லை. அப்படியே கொஞ்சம் நின்றார். பிறகு திரும்பி ரோட்டுக்குப் போய், வந்த லாரி ஒன்றை நிறுத்தி ஏறிவிட்டார். இதையெல்லாம் டீச்சர் வரிசையாகச் சொன்னார்.

"தவிடு யாரைப் பாத்தாலும் குரைக்கும்மா. நேத்து குரைக்கல."

அம்மை, தான் இன்றைக்கு எட்டேகாலுக்குப் புங்கமரத்தடியில் இருப்பதாகவும், டீச்சர் இரண்டு டார்ச்சையும் எடுத்துக்கொண்டு மடைக்கு வரவேண்டும் என்றும் சொன்னார்.

இருட்டியது. பஸ் வந்தது, போனது. மரத்தடியிலிருந்து ஓர் உருவம் கரைமேல் ஏறியது. டீச்சர் பெரிய டார்ச்சை அமுக்கினார். வெள்ளைச் சேலை, அம்மையின் முகம், நெற்றித் திருநீறு எல்லாம் பகல்போலத் தெரிந்தன. அம்மை கண்ணைச் சுருக்கினார். கையைத் தூக்கினார். திரும்பி நடந்துபோய்ப் புங்கமரத்தின் பின்னால் மறைந்துவிட்டார்.

டீச்சர் காத்திருந்தார். யாரும் வரவில்லை. நாயை மடைச் சுவரில் கட்டிவிட்டு, ஏழு வருடத்தில் முதல்முறையாக இருட்டில் மடையைத் தாண்டி நடந்தார். அம்மை பஸ் நிற்கும் இடத்துக் கல்லில் உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா திரும்பிட்டீங்க?"

"எதுத்தாப்புல யார் நிக்கிறாங்கன்னு தெரியல."

"நான்தான் நிப்பேன்னு உங்களுக்குத் தெரியுமே."

"தெரியும். ஆனாலும் போலீஸ்காரங்க மாதிரி இருந்துச்சு."

டீச்சர் கையிலிருந்த பெரிய டார்ச்சை அணைத்தார்.

"மறுபடி மடைக்குப் போங்க," என்றார் அம்மை. "சின்னதை அமுக்குங்க."

டீச்சர் போனார். நாயை அவிழ்த்தார். சின்ன டார்ச்சை அமுக்கினார். பாய் அகலத்துக்கு மங்கலான வெளிச்சம். தவிட்டின் நான்கு கால்கள், தன் செருப்பு, மடைச் சுவரில் உதிர்ந்த காரை, அவ்வளவுதான். அதற்கு அப்பால் கரை இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை. குளத்தில் ஒரு மீன் துள்ளி விழுந்தது.

நெடுநேரம் கழித்து நடைச் சத்தம் கேட்டது. இருட்டுக்குள்ளிருந்து அம்மை வந்து பக்கத்தில் நின்றார். கல்லில் இருந்தே தவிட்டின் வால் தெரிந்ததாம். கொஞ்சம் வந்ததும் நீலச் சேலைக்கரை. பாதி வழியில் டீச்சர் நிற்கிற விதம்.

"என் முகம்?"

"அது மட்டும் இருட்டுல இருந்துச்சு."

பிறகு அம்மை கேட்டார்:

"நீங்க இந்த ஊருக்குக் கல்யாணமாகி வந்தப்ப, கரையில ராத்திரி எதிர்க்க ஆள் வந்தா என்ன செய்யணும்னு சார் சொல்லித் தந்திருப்பாரே."

சொல்லித் தந்திருந்தார். இரண்டு பக்கமும் தண்ணீரும் வயலுமாக, ஒதுங்க இடமில்லாத கரை அது. எதிரே ஆள் வந்தால் இந்த ஊர்க்காரர்கள் விளக்கைத் தூக்கித் தங்கள் முகத்தில் காட்டிக்கொள்வார்கள். நான் இன்னார், பயப்படாமல் வா என்று அர்த்தம். வந்த புதிதில் நல்லசிவம் லாந்தரைத் தாடைக்குக் கீழே பிடித்துக் காட்டியபோது, பேய் மாதிரி இருக்கிறீர்கள் என்று டீச்சர் சிரித்திருக்கிறார். அவரும் சிரித்தார். முப்பத்திரண்டு வருடத்துக்கு முந்தின சிரிப்பு.

டீச்சர் சின்ன டார்ச்சை மெல்லத் தூக்கித் தன் முகத்துக்கு நேரே பிடித்தார். கன்னம் நனைந்திருந்தது அதில் தெரிந்தது. தவிடு அண்ணாந்து அவரைப் பார்த்தது.

"அம்மா, நேத்து வந்தது அவர்தானா?"

அம்மை குனிந்து நாயின் முன்னங்காலைத் தூக்கிப் பார்த்தார். முள் தைத்த இடத்தை விரலால் தடவினார்.

"எனக்குத் தெரியாது டீச்சர். நாளைக்கும் எட்டேகாலுக்கு பஸ் இருக்கு."

மறுநாள் காலை பெரிய டார்ச் காதர் மைதீன் கடைக்குத் திரும்பிப் போனது. தவிடு அதற்குப் பிறகு ஐந்து வருடம் இருந்தது. நல்லசிவம் வரவில்லை.