தளவாய் அண்ணாச்சி சைக்கிளில் மெதுவாகப் போனது

எங்கள் மூத்தோர் மன்றத்தில் சேர இரண்டு தகுதிகள் போதும். அறுபது வயது முடிந்திருக்க வேண்டும். தளவாய் அண்ணாச்சி பேசினால் எழுந்து ஓடாமல் உட்கார்ந்திருக்கும் பொறுமை வேண்டும். முதல் தகுதி தானாக வந்துவிடும். இரண்டாவது வராமல் போன பலபேர் இப்போது வீட்டிலேயே டி.வி. பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் சமுதாயக் கூடத்தில் தினமும் காலை பத்து மணிக்குக் கூடுவோம். திங்கட்கிழமை ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். செவ்வாய்க்கிழமை கேரம்போர்டு, அதனால் செவ்வாய்க்கிழமைதான் ரத்த அழுத்தம் ஏறும். வியாழக்கிழமை ஒரு டாக்டர் வந்து சர்க்கரை நோய் பற்றிப் பேசிவிட்டுப் போவார், அவர் தலை மறைந்ததும் கேசரி. நான் செயலாளர். செயலாளர் என்றால் கேசரிக்கு முதல் நாளே சொல்லி வைக்கிறவர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

நான் சொல்ல வந்தது ஒரு புதன்கிழமை நடந்த விஷயம். அந்த வார ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டை வட்டாரத்து மன்றங்களுக்கெல்லாம் சேர்த்து மூத்தோர் விளையாட்டு விழா. ஒரு போட்டிக்கு ஒரு மன்றத்திலிருந்து ஒரே ஒருவர்தான் போகலாம். பெயர்ப் பட்டியலை அந்தப் புதன்கிழமையே பகல் பன்னிரண்டு மணிக்குள் விழா அலுவலகத்தில் நேரில் கொடுக்க வேண்டும். சைக்கிளில் போனால் பத்து நிமிஷ தூரம்.

எலுமிச்சம்பழத்தை ஸ்பூனில் வைத்து வாயால் கவ்விக்கொண்டு நடக்கும் போட்டிக்கு உலகம்மை டீச்சர். முப்பத்தைந்து வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். அவர் முன்னால் எலுமிச்சம்பழமும் அசையாது. பாட்டுக்கு ஒருவர், மியூசிக்கல் சேருக்கு ஒருவர் என்று எல்லாம் எழுதிவிட்டேன். ஸ்லோ சைக்கிளில்தான் இடித்தது. கடைசியாக வருகிறவர் ஜெயிக்கிற பந்தயம் அது. காலைத் தரையில் ஊன்றினால் அவுட். இதற்கு இரண்டு பேர் கை தூக்கினார்கள். ஒருவர் மந்திரமூர்த்தி. ரைஸ்மில்லில் வேலை பார்த்தவர், வருஷத்துக்கு மூன்று தடவை வாயைத் திறப்பார். இன்னொருவர் தளவாய் அண்ணாச்சி.

அண்ணாச்சி ஜவுளிக்கடையில் நாற்பது வருஷம் சேலை விரித்துப் போட்டவர். வாங்க வந்தவர்கள் போதும் போதும் என்று சொன்னாலும் விரிப்பதை நிறுத்த மாட்டாராம். அன்று காலையிலேயே என்னைத் தனியாக ஓரங்கட்டினார்.

"செயலாளரே, எம்பேர எழுதிரும். போன கார்த்திகையில சைக்கிள்லேருந்து விழுந்தேன்லா, முழங்கையில நாலு தையல். அன்னைக்கே எம்மவன் ராசகுமார் சைக்கிளச் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவிய ஒளிச்சு வச்சுட்டான். போட்டிக்குப் பேரு குடுத்திருக்குன்னு மன்றத்துலேருந்து லெட்டர் வந்தா சாவியத் தாரேன்னு சொல்லியிருக்கான். பதினோரு மாசம் ஆச்சுவே. பால் வாங்கக்கூட நடந்துதான் போறேன்."

அவ்வளவுதான் சொன்னார். நாலு தையலை நாற்பது தையல் என்று சொல்லவில்லை. சாவியை முதலை விழுங்கியது என்று சொல்லவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் மந்திரமூர்த்தியும் கை தூக்கியிருக்கிறாரே.

"ரெண்டு பேருல யாருக்கு அனுபவம் இருக்கு? அத வச்சு முடிவு பண்ணுவோம்" என்றார் உலகம்மை டீச்சர். கேட்டிருக்கக் கூடாது. மணி அப்போது பத்தே முக்கால்.

"அனுபவமா?" என்று அண்ணாச்சி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "எங்க கடை வெள்ளிவிழாவுல பொங்கலன்னைக்கு ஸ்லோ சைக்கிள் வச்சாவ. நூறு அடி தூரம். எட்டுப் பேரு. விசில் ஊதுன ரெண்டாவது நிமிஷம் ஏழு பேரும் முடிச்சுட்டானுவ. நா எவ்வளவு தூரம் போயிருந்தேன்னு நெனைக்கிய? ஒரு சாண். நடுவர் குனிஞ்சு சக்கரத்தையே பாக்காரு, ஓடுதா நிக்குதான்னு. கடைசியில கடையிலேருந்து துணி அளக்க மீட்டர் கம்பிய எடுத்துட்டு வரச்சொல்லி அளந்து பாத்துட்டு, 'ஓடுது'ன்னு எழுதிக்கிட்டாரு."

"சரி, எவ்வளவு நேரம் ஆச்சு?" என்றார் டீச்சர்.

"அவசரப்படாதீங்க டீச்சர். மத்தியானம் ஆயிட்டு. மொதலாளி மனசு கேக்கல. இவன் இறங்க மாட்டான், சாப்பாட்ட அங்கேயே கொண்டு போங்கடேன்னுட்டாரு. கேரியர்ல எலயப் போட்டு சாம்பார், அவியல், ரசம் எல்லாம் வச்சாவ. ஒரு கை ஹாண்டில்பார்ல, ஒரு கை எலயில. ரசம் ஒரு சொட்டுச் சிந்தல, பாத்துக்கிடுங்க."

"கேரியர் முதுகுக்குப் பின்னாலல்லா இருக்கும்?"

"ஆமா. திரும்பித்தான் சாப்பிட்டேன். எதுக்க எந்த வண்டியும் வந்து மோதிராதுல்லா, நாம போற வேகத்துக்கு."

பின்வரிசையில் ஒருவர் இருமினார். அது இருமல் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அண்ணாச்சி அதைக் கைதட்டலாக எடுத்துக்கொண்டார்.

"மறுநா காலையில பாக்கேன், பெல் மேல ஒரு சிட்டுக்குருவி கூடு கட்டுது. வெரட்ட முடியுமா? வெரட்டுனா பேலன்ஸ் போயிரும். மூணு முட்ட போட்டுச்சு. குஞ்சு பொரிச்சு, றெக்க மொளைச்சுப் பறந்து போற வரைக்கும் நா பெல்லே அடிக்கல. அதுக்குள்ள முன்சக்கரத்துல ஒரு பீர்க்கங்கொடி ஏறிட்டு. கம்பி கம்பியாச் சுத்தி, பூவும் பிஞ்சுமா. மொத காய நடுவர் வீட்டுக்குத்தான் குடுத்தனுப்புனேன்."

"அது லஞ்சம்லா?" என்றார் டீச்சர்.

"கூட்டு வச்சுச் சாப்பிட்டுட்டு மறுநாளும் 'ஓடுது'ன்னுதான் எழுதுனாரு. நேர்மையான மனுசன். அந்தப் பதவியிலேயே ரிட்டையராகிப் போனாரு. அடுத்து வந்தவரு சார்ஜ் எடுக்கும்போது, 'சைக்கிள் ஒண்ணு, அதுமேல ஆள் ஒண்ணு'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் என்னய வாங்கிக்கிட்டாரு."

எனக்கு மணியைப் பார்க்கப் பயமாக இருந்தது. பதினொன்று இருபது. ஆனால் எழுந்திருக்கவும் மனசு வரவில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

"அந்த ரோட்டுக்குத் தார் போட வந்தானுவ. இறங்குங்கன்னான். முடியாதுடேன்னேன். எஞ்சக்கரத்த மட்டும் விட்டுட்டுச் சுத்திப் போட்டுட்டுப் போனான். டவுன் பஸ்ஸுக்காரன் 'சைக்கிள் ஸ்டாப்பிங்'னு டிக்கெட்டு குடுக்க ஆரம்பிச்சான். ஸ்டாப்பிங்க மட்டும் வருசத்துக்கு ஒரு அடி தள்ளித் தள்ளி வைப்பாவ. எலக்சன் வந்துது. பூத் சிலிப் சைக்கிளுக்கே வந்துட்டு."

"எந்த வார்டு?" டீச்சர் விடவில்லை.

"அங்கனதான் சிக்கல் டீச்சர். முன்சக்கரம் பதினேழாவது வார்டு, பின்சக்கரம் பதினெட்டாவது வார்டு. ரெண்டு வேட்பாளரும் வந்து ஆளுக்கொரு சக்கரத்தத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போனாவ."

"எல்லாம் சரி அண்ணாச்சி." டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டினார். பள்ளிக்கூடத்தில் இதற்குப் பிறகு பிரம்புதான் வருமாம். "இவ்வளவு பெரிய பந்தயத்துல ஜெயிச்சியளே, கப்பு எங்க? உங்க வீட்டுக்கு எத்தன தடவ வந்திருக்கேன். ஷோகேஸ்ல ஒரு டம்ளர்கூட இல்லியே?"

பத்துப் பதினைந்து வருஷமாக அண்ணாச்சி கதைகளைக் கேட்டும் எங்கள் யாருக்கும் தோன்றாத கேள்வி. அண்ணாச்சி மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார். அரை நிமிஷம்தான்.

"பூமி சுத்துதுல்லா டீச்சர்?"

"சுத்துது."

"நம்ம வேகத்த விடப் பூமி வேகமாச் சுத்துது. கடைசி காலத்துல நா அவ்வளவு மெதுவாயிட்டேன். வண்டி முன்னால போகுதுன்னு நெனச்சு மிதிக்கேன், பாத்தா பின்னால போகுது. ஒவ்வொரு பொங்கலாப் பின்னால போகுது. தார் ரோடு மண் ரோடா ஆகுது, பீர்க்கங்காய் பூவாகுது, குருவி முட்டைக்குள்ள போகுது. ரிட்டையரானவரு வந்து மறுபடியும் குனிஞ்சு பாக்காரு. ஆரம்பக் கோட்டையும் தாண்டிப் பின்னால போயி, நா இறங்கும்போது தேதி என்னங்கிய? பொங்கலுக்கு மொத நாளு. போகிப் பண்டிகை. போட்டியே இன்னும் ஆரம்பிக்கல. கப்பு எப்படித் தருவாவ? அன்னைக்குக் கப்பையே இன்னும் கடையிலேருந்து வாங்கிட்டு வரலியே!"

சிரிப்பு அடங்க இரண்டு நிமிஷம் ஆனது. டீச்சர் சிரிக்கவில்லை, ஆனால் கண்ணாடியை மறுபடி கழற்றினார். அப்போது மந்திரமூர்த்தி அந்த வருஷத்து முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"அவரு பேரையே எழுதுங்க."

எழுதினேன். மகனுக்குக் கொடுக்க லெட்டரும் தனியாக எழுதி, மன்றத்து முத்திரையைக் குத்தினேன். அண்ணாச்சி கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, "பட்டியல நானே கொண்டு போறேன்" என்று எழுந்துவிட்டார். மணி பதினொன்று முப்பத்தைந்து. மந்திரமூர்த்தி பேசாமல் தன் சைக்கிள் சாவியை எடுத்து நீட்டினார். அண்ணாச்சி பட்டியலைச் சட்டைப் பையில் வைத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

"போறப்ப மட்டும் கொஞ்சம் வேகமாப் போங்க அண்ணாச்சி" என்று டீச்சர் வாசல்வரை வந்து சொன்னார்.

பன்னிரண்டு அடித்தது. பன்னிரண்டேகாலுக்கு விழா அலுவலகத்திலிருந்து எனக்குப் போன் வந்தது. உங்கள் மன்றத்துப் பட்டியல் வரவில்லை, முடித்துவிட்டோம் என்றார்கள். போனிலேயே பெயர்களைச் சொல்கிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி வைத்துவிட்டார்கள். எங்கள் வயதில் அடுத்த வருஷம் என்று ஒருவர் அவ்வளவு சுலபமாகச் சொல்லக் கூடாது. எனக்குக் கோபம் வந்தது. பிறகு பயம் வந்தது. மறுபடி விழுந்துவிட்டாரோ? டீச்சர் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

ஒன்றே காலுக்கு அண்ணாச்சி வந்து சேர்ந்தார். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. பட்டியல் சட்டைப் பையிலேயே இருந்தது.

"என்ன அண்ணாச்சி இது?" என்றேன்.

"போனேன் செயலாளரே. பூட்டிட்டாவ." தலையைக் குனிந்துகொண்டார். "பழக்க தோசம். ஏறி உக்காந்ததும் தன்னால மெதுவாயிட்டு. ஆனா ஒண்ணு, கால் தரையில படல."

எலுமிச்சம்பழம் போச்சு, பாட்டு போச்சு, மியூசிக்கல் சேர் போச்சு. திட்டுவதற்கு எல்லோருக்கும் உரிமை இருந்தது. ஆனால் எப்படித் திட்டுவது? பத்து நிமிஷ தூரத்துக்குப் போய்வர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். ஆள் சொன்னதைச் செய்து காட்டிவிட்டாரே! பின்வரிசைக்காரர், "அப்ப அந்தக் குருவி கதையும் உண்மையா இருக்குமோ?" என்று கேட்டேவிட்டார்.

அந்த நேரம் பார்த்துக் கீரைக்கார சுடலி கூடையோடு வாசலில் வந்து நின்றாள்.

"ஏ அண்ணாச்சி, ஒங்களுக்கு என்ன வயசு?" என்று கத்தினாள். "வாய்க்கால் பாலத்து இறக்கத்துல ரெண்டு கையையும் விட்டுட்டு அப்படிப் பறக்கிய! ஒருக்க போனியன்னு பாத்தா, திரும்ப மேல ஏறிப் போயி மறுக்கா இறங்குதிய. ஏழு தடவ எண்ணிட்டேன். கூடையில இருந்த அரைக்கீர எல்லாம் காத்துல போச்சு!"

எல்லோரும் அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தோம். வாய்க்கால் பாலம் விழா அலுவலகத்துக்கு நேர் எதிர்த் திசையில் இருக்கிறது. வழுக்கையை மறைக்க அவர் குறுக்கே வாரிவிடுகிற நாலு முடியும் நட்டுக்கொண்டு பின்பக்கம் பார்த்து நின்றன. வேட்டியெல்லாம் செயின் கறை.

"நானா?" என்றார். "வேற யாரையோ பாத்திருப்பா. நா மெதுவாத்தான் போனேன்."

அந்த மனிதர் வாழ்க்கையில் உண்மையாகவே நடந்த ஒரு பெருமை. ஏழு தடவை, இரண்டு கையையும் விட்டுவிட்டு, எழுபத்து நாலு வயதில். ஒரு வார்த்தையும் கூட்டாமல் சொன்னாலே போதும், நாங்கள் வாயைப் பிளந்திருப்போம். ஆனால் சொன்னால் நாங்கள் திட்டுவோம், ராசகுமார் காதுக்குப் போகும், சாவி ஜென்மத்துக்கும் வராது. வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார், மூடினார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சொல்ல முடியாமல் அவர் பட்ட பாட்டைப் போல ஒன்றை நான் பார்த்ததில்லை.

நான் டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் சுடலியைப் பார்த்தார்.

"நீ புளுகாத சுடலி" என்றார். "அண்ணாச்சி மெதுவாத்தான் போவாவ. எங்களுக்குத் தெரியாதா?"

சுடலி கூடையைக் கீழே வைத்துவிட்டு, மாரியம்மா மேல சத்தியம் என்று தலையில் அடித்துக்கொண்டாள். யாரும் அவளை நம்பியதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அண்ணாச்சி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன.

மந்திரமூர்த்தி எழுந்து போய் சைக்கிளின் பிரேக் கட்டையைத் தொட்டுப் பார்த்தார். சுட்டதுபோல விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். பிறகு அந்த வருஷத்தின் இரண்டாவது தடவையாக வாயைத் திறந்தார்.

"நாளைக்கும் பத்து மணிக்கு சைக்கிளக் கொண்டாரேன். அவருகிட்டப் பட்டியல் கிட்டியல்னு ஒண்ணும் குடுத்து அனுப்பாதீங்க."