ராஜா தலையணைக்கடியில் வைத்த தங்கத் தவளை

கொக்காடி என்று ஒரு சமஸ்தானம். அரண்மனை வாசலில் ஒருவன் தும்மினால் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் "நூறாயுசு" என்பான். அவ்வளவுதான் அதன் நீள அகலம். அதற்கும் ஒரு ராஜா இருந்தார், ரணசிங்க பூபதி என்று. சண்டை போட அக்கம்பக்கத்தில் ஆள் அகப்படாததால், மனுஷர் மீனோடு மல்லுக்கட்டப் போனார்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். கோடையில் பெரிய கண்மாய் வற்றி முழங்கால் தண்ணீர் ஆனதும், ராஜா தன் கையால் முதல் மீனைப் பிடிக்க வேண்டும். உடனே ஊர்த் தலைவர் அம்பலம் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அப்புறம் ஊரே கூடையும் வலையுமாகக் குதிக்கும், வீட்டுக்கு வீடு மீன் குழம்பு கொதிக்கும். துண்டு வீசுகிற வரைக்கும் ராஜாவைத் தவிர யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது.

முந்தைய ராஜாக்கள் மூங்கில் கம்பும் மண்புழுவுமாகப் போய் ஒரு கெண்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். நம்ம ராஜாவுக்கு வாய்த்தவர் தூண்டில் அதிகாரி திருமேனி.

"புழுவா? மகாராஜாவின் விரல் புழுவைத் தொடுவதா? சிவ சிவா!" என்று காதைப் பொத்திக்கொண்டார்.

அன்றைக்குப் பிடித்தது சனி. மலையிலிருந்து பிரம்புக் கோல் வந்தது. மீன் வரவில்லை. "கோல் ரொம்ப விறைப்பு, மகாராஜா" என்றார் திருமேனி. வளைகிற கோல் வந்தது. "தக்கை கனம்" என்றார். மயிலிறகுத் தண்டில் தக்கை வந்தது. "நூல் மீன் கண்ணுக்குத் தெரிகிறது" என்றார். பட்டு நூல் வந்தது. கடைசியில் இரைக்குப் பதிலாக, மாணிக்கக் கண் வைத்த ஒரு தங்கத் தவளை வந்தது. ராஜா அப்படியே சொக்கிப் போனார். ராத்திரி அதைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினார். மகாராணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதைப் பற்றி நான் பேச மாட்டேன், எனக்கெதற்கு வம்பு.

தினமும் கோல்களைப் பரப்பி, இதுவா அதுவா என்று பொறுக்கி எடுப்பதற்குள் உச்சி வெயில் வந்துவிடும். அப்புறம் குடை, கொம்பு, தவில் சகிதம் கரைக்குப் போனால் எந்த மீன் நிற்கும்? கண்மாயோ நாளுக்கு நாள் சுருங்கியது. கெண்டைகள் செத்து ஒதுங்கின. கொக்குகள் தின்று தின்று, பறக்க முடியாமல் நடந்து போயின. இன்னும் கொஞ்ச நாளில் வெறும் சேறுதான் மிஞ்சும். ஊர் ஜனம் காலிக் கூடையோடு கரையில் உட்கார்ந்து வயிறெரிந்தது.

அரண்மனை விகடகவி சித்திரபுத்திரன். அவன் பெண்சாதி ஆவுடை ஒருநாள் வாசலை மறித்தாள்.

"ராஜாவைச் சிரிக்க வச்சது போதும்யா. புளியைக் கரைச்சு வச்சுக்கிட்டு நான் எத்தனை நாளைக்கு மோட்டுவளையைப் பாக்குறது? மீன் இல்லாம இந்த வாசப்படியை மிதிக்காதே!"

நேரே சபைக்குப் போனான்.

"மகாராஜா, கோல் வேண்டாம், நூல் வேண்டாம். அந்தத் தங்கத் தவளையை மட்டும் கொடுங்கள். அதைப் போட்டு இன்றைக்கே பிடித்துக் காட்டுகிறேன்."

"முடியாவிட்டால்?" என்று துள்ளினார் திருமேனி.

"என் மீசையை எடுத்துக்கொள்ளுங்கள்."

ராஜாவுக்குத் தவளையைக் கொடுக்க மனசே இல்லை. ஆனால் சித்திரபுத்திரன் மீசையும் சும்மாவா? ஆளைவிட அது பெரிசு. சரி என்றார்.

திருமேனி கையோடு நாவிதரையும் அழைத்துக்கொண்டு கரைக்கு வந்தார். சித்திரபுத்திரன் முதலில் தவில்காரரைப் பார்த்து, "அண்ணே, கொஞ்சம் கையைக் கட்டுங்க" என்றான். மடைக்குப் பக்கத்தில் சேறு குமிழி விட்டுக்கொண்டிருந்தது. அடியில் விரால் பதுங்கியிருந்தால்தான் அப்படி வரும். பட்டு நூலை அவிழ்த்துப் போட்டான். தவளையைக் கையில் எடுத்து, குறி பார்த்து, அந்தக் குமிழி மேலேயே விட்டெறிந்தான். பொளக்!

"அடப்பாவி! என் தவளை!" ராஜா அலறினார். "யாராவது இறங்குங்களேன்!"

சேனாதிபதி ஆகாயத்தைப் பார்த்தார். "பட்டு அங்கவஸ்திரம், மகாராஜா, சேறு பட்டால்..." என்று இழுத்தார் திருமேனி. அம்பலம் கையைக் கட்டிக்கொண்டு, "துண்டு வீசாம நாங்க கால் வைக்கக் கூடாதுங்களே!" என்றார்.

ராஜா யோசிக்கவில்லை. தொபுக்கடீர்! குப்புற விழுந்தார். இரண்டு கையாலும் சேற்றைத் துழாவினார். "கிடைச்சிடுச்சு! கிடைச்சிடுச்சு!" என்று தூக்கினார். கைக்குள் இருந்தது தவளை இல்லை. தொடை மொத்தத்தில் ஒரு விரால்! அது வாலால் ராஜாவின் கன்னத்தில் பளீரென்று ஒரு அறை விட்டது.

"அம்பலம், துண்டை வீசும்!" என்று கத்தினான் சித்திரபுத்திரன்.

"செல்லாது! கோல் இல்லாமல் பிடித்தது செல்லாது!" என்றார் திருமேனி.

"ராஜா கையால் பிடிக்க வேண்டும் என்பதுதானே வழக்கம்? கோலைக் கொண்டு வந்தது நீர். அந்தக் கையில் இருப்பது மீனா, வெண்டைக்காயா?"

துண்டு பறந்தது. ஊரே ஓவென்று குதித்தது. குதித்த வேகத்தில் திருமேனியையும் யாரோ இடித்துத் தள்ளிவிட்டார்கள், கோல் கட்டோடு.

ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆயுசிலேயே முதல் மீன்! விராலைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். திருமேனி வாயிலிருந்து சேற்றைத் துப்பிக்கொண்டே விடாமல் வந்தார்.

"மகாராஜா, மீனைப் பிடித்தது நீங்கள். தவளையைப் போட்டு இவன் ஒன்றையும் பிடிக்கவில்லை. மீசையை எடுக்கச் சொல்லுங்கள்!"

"நியாயம்தானே?" ராஜா நிமிர்ந்து பார்த்தார். "ஓய் சித்திரபுத்திரா, அந்தத் தவளையைப் போட்டு நீ எதைப் பிடித்தாய்?"

சித்திரபுத்திரன் மீசையை ஆசையோடு தடவிக்கொண்டான்.

"இத்தனை நாளாக ஒரு மீன்கூட அதை ஏறெடுத்துப் பார்க்கவில்லை, மகாராஜா. அதன் மேல் பைத்தியமாக இருந்தது நீங்கள் ஒருத்தர்தான். அதனால் அதைப் போட்டு உங்களைத்தான் பிடித்தேன்!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மீசை பிழைத்தது, போ! இந்தா, இந்த விரால் உன் வீட்டுக்கு!" என்று நீட்டினார். நீட்டியதுதான் தாமதம், விரால் வழுக்கிக்கொண்டு தண்ணீரில் பாய்ந்தது.

திருமேனி அவசரமாகக் கோல் கட்டைப் பிரித்தார். "மகாராஜா, எந்தக் கோல் வேண்டும்?"

ராஜா எங்கே அங்கே இருந்தார்? மறுபடியும் தொபுக்கடீர்!